வீட்டில் நெட்வொர்க் லேப்: எதை வாங்குவது, எதைக் கெடுத்துப் பார்ப்பது

கேள்வி இதுதான்: "சிஸ்கோ நிறுவனத்தின் அடிப்படை நெட்வொர்க் சான்றிதழான சிசிஎன்ஏ தேர்வுக்குப் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். வீட்டில் லேப் வைத்துப் பழகினால்தான் பாடம் மண்டையில் ஏறும் என்கிறார்கள். பழைய ரவுட்டர், ஸ்விட்ச் வாங்கலாமா, கணினியில் ஓடும் சிமுலேட்டரே போதுமா? எங்கிருந்து தொடங்குவது?"

முதல் இரண்டு மாதம் எதையும் வாங்காதீர்கள். பேக்கெட் டிரேசர் என்ற சிமுலேட்டரை நிறுவி அதிலேயே உட்காருங்கள். அதற்கப்புறமும் ஆர்வம் குறையாமல் இருந்தால் இரண்டு பழைய ஸ்விட்ச், ஒரு ரவுட்டர், அவற்றைக் கணினியோடு இணைத்துக் கமாண்ட் அடிக்க ஒரு கன்சோல் கேபிள். சிசிஎன்ஏ அளவுக்கு அதற்கு மேல் தேவையில்லை.

சுருக்கமான பதில் அவ்வளவுதான். ஆனால் நல்ல லேப் வைத்திருந்தும் தேர்வில் தடுமாறியவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் செய்தது எல்லாமே சரி: பாடத்தில் உள்ளபடி கட்டினார்கள், பிங் (ஒரு கருவியை எட்ட முடிகிறதா என்ற சோதனை) போனது, மகிழ்ச்சியாக அடுத்த பாடத்துக்குப் போனார்கள். பிங் போகாமல் நின்ற நேரம் அவர்களுக்கு வாய்க்கவே இல்லை. லேபில் செலவிடும் நேரத்தில் பாதியாவது, ஓடிக்கொண்டிருப்பதை வேண்டுமென்றே கெடுத்து, எங்கே கெட்டது என்று தேடுவதில் போக வேண்டும் என்பது என் கட்சி. வாங்கும் விஷயத்தையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

முதலில் பாடத்திட்டத்தைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் வாய்வழியாக வரும் லேப் ஆலோசனைகளில் நிறைய காலாவதியானவை. "மூன்று ரவுட்டர் வாங்கு, மூன்றிலும் சீரியல் கார்டு இருக்க வேண்டும், ஃபிரேம் ரிலே பழக வேண்டும்" என்று இன்னும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டுமே பழைய நெடுந்தொலைவு இணைப்பு முறைகள், அவர்கள் படித்த காலத்தில் அது சரி. 2020 பிப்ரவரியில் சிஸ்கோ தன் தேர்வுகளையெல்லாம் மாற்றி அமைத்தபோது வந்த 200-301 தேர்வில் ஃபிரேம் ரிலேயும் இல்லை, சீரியல் இணைப்புப் பாடமும் இல்லை, ஈஐஜிஆர்பி என்ற ரவுட்டிங் முறையின் செய்முறையும் இல்லை. ரவுட்டர்கள் பாதைகளைத் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் ரவுட்டிங் புரோட்டோகால் என்று கையால் கட்டிப் பழக வேண்டியது ஓஎஸ்பிஎஃப் பதிப்பு 2 மட்டும்தான், அதுவும் ஒரே ஏரியாவுக்குள்.

இப்போதைய பங்கீடு இப்படி: நெட்வொர்க் அடிப்படை 20 சதவீதம், விலான் (ஒரே ஸ்விட்சைப் பல தனி நெட்வொர்க்குகளாகப் பிரிப்பது), ட்ரங்க் (பல விலான்களைச் சுமக்கும் இணைப்பு), வைஃபை அடங்கிய நெட்வொர்க் அணுகல் 20, ரவுட்டிங் 25, டிஹெச்சிபி (முகவரி வழங்குவது), நேட் (முகவரி மாற்றுவது) போன்ற ஐபி சேவைகள் 10, பாதுகாப்பு 15, ஆட்டோமேஷன் 10. 2024 ஆகஸ்டில் வந்த 1.1 பதிப்பில் டெராஃபார்ம் என்ற ஆட்டோமேஷன் கருவி போல சில பெயர்கள் சேர்ந்தன, பெரிய புரட்டல் இல்லை. கூட்டிப் பாருங்கள்: ஸ்விட்ச், ரவுட்டர், சேவைகள், பாதுகாப்பு எல்லாமே கையால் செய்து பார்க்கக்கூடியவை. லேபுக்குத் தீனி போதுமான அளவு இருக்கிறது.

காம்ப்டியா நெட்வொர்க் பிளஸ் எழுதுபவராக இருந்தால் கதை கொஞ்சம் வேறு. அது எந்த நிறுவனத்தையும் சாராத தேர்வு, 90 நிமிடத்தில் அதிகபட்சம் 90 கேள்வி. கமாண்ட் அடிப்பதைவிட எந்தச் சூழலில் எது பொருந்தும் என்று கேட்பதுதான் அதிகம். அதற்கு வீட்டு ரவுட்டர், ஒரு லேப்டாப், பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் இருந்தாலே பாதிக் கிணறு தாண்டிவிடலாம்.

சரி, பேக்கெட் டிரேசருக்கு வருவோம். சிஸ்கோவின் நெட்வொர்க்கிங் அகாடமியில் கணக்குத் தொடங்கினால் இலவசமாகக் கிடைக்கும். சுமாரான லேப்டாப்பிலும் ஓடும். அதில் இருப்பது நிஜ ரவுட்டரின் மென்பொருள் இல்லை, அதைப் போல நடிக்கும் நிரல். எழுதிக் கொடுத்த வசனம் வரைதான் நடிகருக்குத் தெரியும், இல்லையா? அதுபோல, அது அறிந்த கமாண்டுகளுக்குப் பதில் சொல்லும், அறியாததைக் கேட்டால் அப்படி ஒரு கமாண்டே இல்லை என்று சாதிக்கும். ஒரு கமாண்ட் வேலை செய்யவில்லையென்றால் பிழை உங்களுடையதா, நிரலுடையதா என்று சில நேரம் குழப்பம் வரும். ஆனாலும் சிசிஎன்ஏ பாடத்தில் பத்தில் ஒன்பது பங்கை அதிலேயே பழகிவிடலாம் என்பது என் கணிப்பு.

அதில் பலரும் தொடாத ஒரு பொத்தான் இருக்கிறது: சிமுலேஷன் மோட். காலத்தை நிறுத்திவைத்து ஒவ்வொரு பாக்கெட்டாக நகர்த்தலாம். ஒரு கணினியிலிருந்து வேறொரு சப்நெட்டில் (நெட்வொர்க்கின் உட்பிரிவில்) உள்ள கணினிக்கு பிங் போட்டுவிட்டு, முதலில் கிளம்பும் ஏஆர்பி கேள்வி யாருடைய மேக் முகவரியை (கருவியின் வன்பொருள் முகவரியை) தேடுகிறது என்று பாருங்கள். போய்ச்சேர வேண்டிய கணினியுடையது என்று நினைத்திருந்தால், கேட்வேயின், அதாவது வெளியே போகும் வாசலான ரவுட்டரின், முகவரியைத் தேடுவதைக் கண்டு ஒரு கணம் நிற்பீர்கள். ரவுட்டரைத் தாண்டும்போது ஐபி முகவரி மாறாமல் மேக் முகவரி மட்டும் மாறுவதையும் அங்கேயே பார்த்துவிடலாம். இந்த ஒரு காட்சி புரிந்தால் அடுத்த மூன்று பாடம் இலகுவாகிவிடும்.

அடுத்த படி, நிஜ மென்பொருளையே கணினிக்குள் ஓட்டுவது. ஜிஎன்எஸ்3, ஈவ்-என்ஜி, சிஸ்கோவின் சொந்தத் தயாரிப்பான மாடலிங் லேப்ஸ் மூன்றும் இந்த வகை. முதல் இரண்டும் வெறும் மேடைதான். அதில் ஏற்ற வேண்டிய ரவுட்டர் இமேஜை, அதாவது அதன் மென்பொருள் கோப்பை, நீங்கள்தான் கொண்டுவர வேண்டும், சிஸ்கோ இமேஜ் என்றால் அதற்கு உரிமம் வேண்டும். யாரோ பகிர்ந்த இமேஜை இறக்குவது சட்டப்படியும் தவறு, அதற்குள் வேறு என்ன ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதும் தெரியாது. மாடலிங் லேப்ஸில் இமேஜும் சேர்ந்தே வரும். அதில் 5 கருவிகள் வரை ஓட்டும் இலவசப் பதிப்பு இருக்கிறது, கட்டணம் செலுத்தும் தனிநபர் பதிப்பில் 20. ஐந்து போதுமா என்றால், மூன்று ரவுட்டர் இரண்டு ஸ்விட்ச் என்று யோசியுங்கள், சிசிஎன்ஏவுக்கு நன்றாகவே போதும்.

இங்கே கைகொடுப்பது கணினியின் ராம் நினைவகம். ஐஓஎஸ்வி என்ற சிஸ்கோ மென்பொருள் ரவுட்டர் ஒன்றுக்கு அரை ஜிபி போதும், சிஎஸ்ஆர் 1000வி மாதிரியானது ஒவ்வொன்றும் 3, 4 ஜிபி விழுங்கும். 16 ஜிபி உள்ள கணினியில் சிசிஎன்ஏ லேப் சௌகரியமாக ஓடும். 8 ஜிபி என்றால் மூச்சுத் திணறும், அப்போது பேக்கெட் டிரேசரோடு நிற்பதே புத்திசாலித்தனம். பயாஸில் விர்ச்சுவலைசேஷன் அணைந்திருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். அதைப் பார்க்காமல் ஒரு நாள் முழுக்க மென்பொருளை அழித்து அழித்து நிறுவிய அனுபவம் எனக்கு உண்டு.

சிஸ்கோ என்று கட்டுப்படாமல் நெட்வொர்க்கைக் கற்க வேண்டுமென்றால் வழி இன்னும் தாராளம். மைக்ரோடிக்கின் மென்பொருள் ரவுட்டரான சிஹெச்ஆர் இலவசம், ஒரு இன்டர்ஃபேசுக்கு வேகம் 1 எம்பிபிஎஸ் என்ற வரம்போடு. லேபில் வேகத்தால் என்ன குறை? லினக்ஸில் எஃப்ஆர்ஆர் என்ற ரவுட்டிங் மென்பொருளை நிறுவினால் ஓஎஸ்பிஎஃப், பிஜிபி என்ற இரண்டு ரவுட்டிங் புரோட்டோகாலும் கையில். நோக்கியாவின் ரவுட்டர் மென்பொருளான எஸ்ஆர் லினக்ஸ் கன்டெய்னராகவே கிடைக்கிறது. ஆனால் தேர்வு நெருங்கும்போது இவற்றை ஒதுக்கிவிடுங்கள். விரல்கள் ஒரே மொழியில் பழக வேண்டும்.

அப்படியானால் நிஜக் கருவி எதற்கு? தேர்வுக்காக என்றால் கட்டாயமில்லை. வேலைக்காக என்றால் ஒரு பெட்டியையாவது கையில் எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நெட்வொர்க்கில் ரேக் முன்னால் நிற்கும்போதுதான் உறைக்கும். கன்சோல் போர்ட்டுக்கும் ஈதர்நெட் போர்ட்டுக்கும் ஒரே வடிவ வாய். தவறான வாயில் கேபிளைச் செருகிவிட்டு, கறுப்புத் திரையை அரைமணி நேரம் வெறித்த புதியவர்கள் எத்தனையோ பேர்.

நான் சொல்வது சிஸ்கோவின் கேட்டலிஸ்ட் 2960 ஸ்விட்ச் இரண்டு. முடிந்தால் ஒன்றை 3560 ஆக எடுங்கள். 3560 ஸ்விட்ச் ரவுட்டிங்கும் செய்யும் என்பதால் விலான்களுக்கு இடையே ரவுட்டிங்கை இரண்டு விதமாகவும் பழகலாம். ஒரு சின்ன முரண்டு: 3560இல் நேரடியாக ட்ரங்க் மோட் கொடுத்தால் "என்கேப்சுலேஷன் ஆட்டோவில் இருக்கிறது, முடியாது" என்று மறுக்கும். முதலில் டாட்1க்யூ (பாக்கெட்டில் விலான் எண்ணை ஒட்டும் முறை) என்று சொல்ல வேண்டும். 2960க்குத் தெரிந்ததே டாட்1க்யூ மட்டும்தான், அதனால் அந்தக் கமாண்டே அதில் கிடையாது. ஒரே பாடக்குறிப்பை இரண்டிலும் அடித்துவிட்டு எது தவறு என்று முழிப்பது இங்கேதான்.

ரவுட்டர் ஒன்று போதும். 1841, 2811 மாதிரி பழசானாலும் சிசிஎன்ஏ அடிப்படைக்கு ஓடும், 1921, 2911 என்றால் இன்னும் நல்லது. வாங்குமுன் ஷோ வெர்ஷன் காட்டச் சொல்லி, இமேஜ் பெயரில் கே9 இருக்கிறதா பாருங்கள். அது இல்லையென்றால் எஸ்எஸ்ஹெச் (தூரத்திலிருந்து பாதுகாப்பாக உள்நுழையும் வழி) ஓடாது, எஸ்எஸ்ஹெச் பாடத்திட்டத்தில் இருக்கிறது. இருந்தாலும் இன்னொரு தடை வரும்: இன்றைய லினக்ஸிலிருந்து பழைய பெட்டிக்கு எஸ்எஸ்ஹெச் போட்டால், அது முன்வைக்கும் பழைய குறியாக்க முறைகளைப் புதிய ஓபன்எஸ்எஸ்ஹெச் ஏற்காமல் கதவைச் சாத்தும். பழைய முறையை அந்த ஒரு முகவரிக்கு மட்டும் அனுமதித்தால் போதும். எரிச்சலாக இருக்கும், ஆனால் பழைய கருவிகள் உள்ள அலுவலகம் எதிலும் இதே பிரச்சினை காத்திருக்கிறது.

சத்தத்தைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ரேக்கில் வைக்கும் ஸ்விட்சின் சின்ன விசிறி, படுக்கையறையில் ஊளையிடும். விசிறியே இல்லாத 8 போர்ட் 2960 மாடல் ஒன்று உண்டு. கிடைத்தால் விடாதீர்கள், வீட்டில் சண்டை வராது.

கன்சோல் கேபிளில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். யுஎஸ்பி முனையில் எஃப்டிடிஐ சிப் உள்ளதை வாங்கினால் டிரைவர் தொல்லை இருக்காது. கன்சோல் திரையைக் காட்டும் புட்டி மென்பொருளில் சீரியல், வேகம் 9600, 8 பிட், பாரிட்டி இல்லை, ஸ்டாப் பிட் 1, ஃபுளோ கன்ட்ரோல் இல்லை. திரையில் படிக்க முடியாத கிறுக்கெழுத்து வந்தால் வேகம் பொருந்தவில்லை என்று அர்த்தம், யாரோ முன்னால் மாற்றி வைத்திருப்பார்கள்.

பழைய பெட்டி வந்ததும் முன்னாள் உரிமையாளரின் பாஸ்வேர்டோடு வந்தால் சந்தோஷப்படுங்கள், முதல் பாடம் இலவசம். ரவுட்டரை இயக்கிய உடனே பிரேக் சிக்னல் அனுப்பி ரோம்மான் என்ற அவசர நிலைக்குள் போய், கான்ஃபிக் ரெஜிஸ்டரை (எப்படி எழ வேண்டும் என்று சொல்லும் எண்ணை) 0x2142 ஆக்கினால் சேமித்த கான்ஃபிக்கைப் படிக்காமலே எழும். வேலை முடிந்ததும் 0x2102க்குத் திருப்ப வேண்டும். மறந்தால் என்ன ஆகும்? நீங்கள் கட்டியது எல்லாம் சேமித்த பிறகும் ஒவ்வொரு முறை இயக்கும்போதும் காணாமல் போகும். "ரவுட்டரின் மெமரி போய்விட்டது" என்று என்னிடம் கொண்டுவந்த இரண்டு பேரின் பிரச்சினையும் இதுதான்.

ஸ்விட்சில் கான்ஃபிக்கை அழித்தால் விலான்கள் அழியாது. அவை ஃபிளாஷில் விலான்.டேட் என்ற தனிக் கோப்பில் உட்கார்ந்திருக்கும், அதையும் நீக்கிவிட்டு மறுபடி இயக்குங்கள். ஸ்விட்சுகள் விலான் பட்டியலைத் தமக்குள் பகிரும் விடிபி முறையின் திருத்த எண்ணும் அதே கோப்பில் இருக்கிறது. ஒரே டொமைன் பெயர் உள்ள நெட்வொர்க்கில், அதிக திருத்த எண் கொண்ட பழைய ஸ்விட்சை ட்ரங்கில் செருகினால், மற்ற ஸ்விட்சுகளின் விலான் பட்டியல் முழுக்க அதன் பட்டியலாக மாறிவிடும். அலுவலகத்தில் நடந்தால் வேலைக்கே உலை. வீட்டில் இரண்டு ஸ்விட்சை வைத்து ஒருமுறை செய்து பாருங்கள், ஜென்மத்துக்கும் மறக்காது.

இனி நான் செய்த கூத்து. லேபுக்கு இணையம் வேண்டுமென்று லேப் ஸ்விட்சிலிருந்து ஒரு கேபிளை எடுத்து வீட்டு ரவுட்டரில் செருகினேன். லேப் ரவுட்டரில் அன்றைய பாடம் டிஹெச்சிபி, 10.10.10.0/24 என்று ஒரு பூல் (வழங்க வேண்டிய முகவரிகளின் தொகுப்பு) போட்டிருந்தேன். எல்லாம் விலான் 1இல். பாடம் முடிந்தது, லேபை அணைத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் வீட்டில் பஞ்சாயத்து: வைஃபை காட்டுகிறது, எதுவும் திறக்கவில்லை. சிலருடைய ஃபோனில் மட்டும். ஒரு ஃபோனை வாங்கிப் பார்த்தால் முகவரி 10.10.10.14, கேட்வே 10.10.10.1. அணைத்து வைத்த என் லேப் ரவுட்டர்! டிஹெச்சிபி கேட்கும் கருவி, எந்த சர்வர் முதலில் பதில் தருகிறதோ பெரும்பாலும் அதையே பிடித்துக்கொள்ளும். சிஸ்கோவில் லீஸ், அதாவது கொடுத்த முகவரி செல்லும் காலம், இயல்பாக ஒரு நாள். ஃபோன்களை வைஃபையிலிருந்து துண்டித்து மறுபடி சேர்த்த பிறகுதான் அமைதி திரும்பியது.

எலி வளையானாலும் தனி வளை என்பார்களே, லேபுக்கு அதுதான் சட்டம். வீட்டு நெட்வொர்க்கும் லேபும் ஸ்விட்ச் வழியாக ஒட்டவே கூடாது. இணையம் வேண்டுமென்றால் லேப் ரவுட்டரின் ஒரு இன்டர்ஃபேசை மட்டும் வீட்டு ரவுட்டரில் செருகி, அங்கிருந்து முகவரி வாங்கி, உள்ளே இருப்பதற்கெல்லாம் நேட் போடுங்கள். வீட்டில் 192.168 ஓடுகிறது என்றால் லேபில் 10 தொடரை எடுங்கள். மூன்றாவது எண்ணை விலான் எண்ணாக வைத்தால், விலான் 20க்கு 10.10.20.0/24 என்று பார்த்ததும் புரியும்.

அந்தக் கூத்தையே அப்புறம் பாடமாக்கிக்கொண்டேன். டிஹெச்சிபி ஸ்னூப்பிங் பாடத்திட்டத்தில் இருக்கிறது, திருட்டு சர்வரை அடைப்பதுதான் அதன் வேலை. ஸ்விட்சில் அதை இயக்கி, உண்மையான சர்வர் இருக்கும் போர்ட்டை மட்டும் டிரஸ்ட் செய்தேன். திருட்டு சர்வரின் வாய் அடைந்தது, சரி. ஆனால் உண்மையான சர்வரிடமிருந்தும் முகவரி வரவில்லை, கணினி 169.254 என்று தானே ஒன்றை வைத்துக்கொண்டது. காரணம் இது: ஸ்னூப்பிங் இயங்கும்போது ஸ்விட்ச் ஒவ்வொரு கோரிக்கையிலும் ஆப்ஷன் 82 என்று ஒரு சீட்டைச் சேர்த்து அனுப்புகிறது. இடையில் கடத்திவிட்டவரைக் காட்டும் ரிலே முகவரி இல்லாமல் அந்தச் சீட்டோடு வரும் கோரிக்கையை சிஸ்கோ ரவுட்டர் சந்தேகப்பட்டுத் தள்ளிவிடுகிறது. அந்தச் சீட்டைச் சேர்க்காதே என்று ஸ்விட்சுக்கு ஒரு வரி சொன்னதும் ஓடியது. கெட்டுப் போனபோதுதான் ஸ்னூப்பிங் உள்ளே என்ன செய்கிறது என்று எனக்குப் புரிந்தது.

கெடுத்துப் பார்ப்பதற்கு இன்னும் இரண்டு, மூன்று இடம் காட்டுகிறேன்.

இரண்டு 2960, நடுவில் ஒரு கேபிள். இரண்டிலும் விலான் 10 உருவாக்கி, பக்கத்துக்கு ஒரு கணினியை அதில் போடுங்கள். விளக்குகள் பச்சை, கேபிள் நல்ல கேபிள், முகவரிகள் சரி. பிங் போகாது. முதலில் விண்டோஸ் ஃபயர்வாலை அணைத்துப் பாருங்கள், அது இயல்பாகவே பிங்குக்குப் பதில் சொல்லாது. லேபில் முதல் வாரத் தலைவலிகளில் பாதி அதுதான். அதை அணைத்தும் போகவில்லையா, ஷோ இன்டர்ஃபேசஸ் ட்ரங்க் அடியுங்கள். ஒரு வரிகூட வராது. அதாவது நடுவில் ட்ரங்கே இல்லை. 2960 போர்ட் இயல்பாக டைனமிக் ஆட்டோ நிலையில் இருக்கும்: எதிர்ப்பக்கம் கேட்டால் ட்ரங்க் ஆவேன், நானாகக் கேட்கமாட்டேன் என்பது அதன் குணம். இரண்டு பக்கமும் அதே குணம் என்றால், "நீங்கள் முதலில் போங்கள்", "இல்லை, நீங்கள் போங்கள்" என்று வாசலிலேயே நிற்கும் இரண்டு விருந்தாளிகள் கதைதான். ஒரு பக்கம் ட்ரங்க் மோட் கொடுத்ததும் பிங் ஓடும்.

ஓடியதும் விட்டுவிடாதீர்கள். அந்த ட்ரங்கில் விலான் 10 மட்டும் என்று அனுமதிப் பட்டியல் போடுங்கள். பிறகு விலான் 20 வேண்டும் என்று, அதே கமாண்டில் 20 என்று மட்டும் அடியுங்கள். விலான் 10 செத்துவிடும், ஏனென்றால் 'ஆட்' என்ற ஒரு சொல் விட்டுப்போனால் பழைய பட்டியல் மேல் புதியது எழுதப்படும். வேலையில் இருப்பவர்களிடம் கேளுங்கள், இந்தச் சொல்லை ஒருமுறையாவது விட்டுவிட்டு ஓடியவர்கள் நிறைய.

அடுத்து, அந்த அனுமதிப் பட்டியலை நீக்கிவிட்டு, அதே இரண்டு ஸ்விட்சுக்கு நடுவில் இரண்டாவது கேபிளையும் ட்ரங்காகவே செருகுங்கள். நான்கு முனைகளில் ஒன்றின் விளக்கு ஆரஞ்சிலேயே நிற்கும், அதுதான் பாக்கெட்டுகள் வட்டமடிக்காமல் இருக்க ஸ்பானிங் ட்ரீ அடைத்த போர்ட். எந்த ஸ்விட்சில், எந்த போர்ட் ஆரஞ்சாகும் என்று செருகும் முன்பே தாளில் எழுதுங்கள். பிரையாரிட்டி இரண்டிலும் இயல்பான 32768 என்றால் குறைந்த மேக் முகவரி உள்ளது ரூட் (மற்றவை பாதையைக் கணக்கிடும் மையம்) ஆகும், அது பெரும்பாலும் இரண்டில் பழைய பெட்டி. நிறுவனங்களில் மூலையில் கிடக்கும் கிழட்டு ஸ்விட்ச் நெட்வொர்க்குக்கே ரூட் ஆகிப்போவது இப்படித்தான். இப்போது பிங்கை ஓடவிட்டு, பச்சையாக இருக்கும் கேபிளைப் பிடுங்குங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். லிசனிங் 15 விநாடி, லேர்னிங் 15 விநாடி, மொத்தம் 30 விநாடிக்கு பிங் செத்துக் கிடந்து உயிர் பெறும். இரண்டு ஸ்விட்சிலும் ஸ்பானிங் ட்ரீயின் வேகமான வடிவமான ரேப்பிட் பிவிஎஸ்டி கொடுத்து மறுபடி பிடுங்குங்கள். இந்த முறை பிங் விழுந்ததே தெரியாமல் போகலாம். இந்த அரை நிமிட மௌனத்தை நேரில் உட்கார்ந்து அனுபவித்தவருக்கு ரேப்பிட் எதற்கு வந்தது என்று யாரும் விளக்க வேண்டாம்.

ஓஎஸ்பிஎஃப்புக்கு நிஜ மென்பொருள் ஓடும் மூன்று ரவுட்டர் போதும். முதலில் கட்டுங்கள், நெய்பர் (பக்கத்து ரவுட்டர்) ஃபுல் என்று வரட்டும். பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒரு பக்கம் ஹலோ நேரத்தை (பக்கத்து ரவுட்டருக்குச் செய்தி அனுப்பும் இடைவெளியை) 10இலிருந்து 5 ஆக்குங்கள்: டெட் நேரமான 40 விநாடிக்குள் நெய்பர் மறைந்துவிடும். ஏரியா எண்ணை மாற்றினால் நெய்பர் வரவே வராது. எம்டியுவை (பாக்கெட்டின் உச்ச அளவை) ஒரு பக்கம் மட்டும் குறைத்துவிட்டு ஓஎஸ்பிஎஃப்பை மறுபடி தொடங்கினால், நெய்பர் வரும், ஆனால் எக்ஸ்ஸ்டார்ட் அல்லது எக்ஸ்சேஞ்ச் நிலையிலேயே மாட்டிக்கொண்டு தவிக்கும். எனக்குப் பிடித்தது கடைசி விளையாட்டு: நெட்வொர்க் வகை ஒரு பக்கம் பாயின்ட் டு பாயின்ட், மறுபக்கம் பிராட்காஸ்ட். இரண்டுக்கும் ஹலோ, டெட் நேரங்கள் ஒன்றே என்பதால் நெய்பர் கம்பீரமாக ஃபுல் என்று காட்டும். ஷோ ஐபி ரூட்டில் வர வேண்டிய பாதை மட்டும் இருக்காது. "நெய்பர் ஃபுல், ஆகவே எல்லாம் நலம்" என்ற நம்பிக்கை அன்றோடு போய்விடும்.

ஒவ்வொரு முறையும் ஒரு நோட்டில் மூன்று வரி எழுதுங்கள்: என்ன கெடுத்தேன், என்ன அறிகுறி தெரிந்தது, எந்த ஷோ கமாண்ட் காட்டிக்கொடுத்தது. இருபது பக்கம் சேர்ந்தால் அந்த நோட்டு எந்தப் புத்தகத்தையும்விட உங்களுக்கு உதவும். கூடப் படிக்கும் நண்பர் இருந்தால் இன்னும் நல்லது. நீங்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் அவர் ஏதாவது ஒன்றைக் கெடுத்து வைக்கட்டும். ஷோ ரன் பார்க்கக் கூடாது என்று விதி வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் முழுக் கான்ஃபிக்கை வரிவரியாகப் படித்துப் பிழை கண்டுபிடிக்கும் பழக்கம் பத்து ஸ்விட்ச் உள்ள இடத்தில் எடுபடாது.

சப்நெட்டிங்குக்கு லேபும் வேண்டாம், மென்பொருளும் வேண்டாம். 192.168.10.77/27 என்று பார்த்ததும், பிளாக் 32, ஆகவே நெட்வொர்க் 64, பிராட்காஸ்ட் 95, நடுவில் 65 முதல் 94 வரை என்று பத்து விநாடியில் வர வேண்டும். தினம் பத்துக் கணக்கு. தேர்வில் மொத்தம் 120 நிமிடம், ஒரு கேள்வியை விட்டுவிட்டுத் திரும்பி வரவும் முடியாது, அதனால் இங்கே வேகம் முக்கியம்.

வைஃபை கன்ட்ரோலரைப் பேக்கெட் டிரேசரிலேயே பார்த்துக்கொள்ளலாம், அதற்கென்று எதுவும் வாங்க வேண்டாம். ஆட்டோமேஷனுக்கு, பைத்தானில் நெட்மிகோ நூலகத்தை வைத்து உங்கள் இரண்டு ஸ்விட்சுக்கும் எஸ்எஸ்ஹெச் போட்டு கான்ஃபிக்கைக் கோப்பில் சேமிக்கும் பத்து வரி நிரல் எழுதுங்கள். தேர்வில் நிரல் எழுதச் சொல்லமாட்டார்கள், ஜேசன் என்ற தரவு வடிவில் உள்ள கோப்பைப் படிக்கத் தெரிந்தால் போதும். ஆனால் அந்தப் பத்து வரி, லேபைக் கெடுத்த பிறகு பழைய நிலைக்குக் கொண்டுவர உங்களுக்கே தேவைப்படும்.

கசிந்த கேள்வித்தாள்களைப் பற்றியும் யாராவது சொல்வார்கள். நேர்காணலில் "கணினிக்கு 169.254 முகவரி வந்திருக்கிறது, எங்கிருந்து தொடங்குவாய்?" என்று கேட்டால் அந்த மனப்பாடம் துணைக்கு வராது. கேபிள், போர்ட் எந்த விலானில், ட்ரங்கில் அந்த விலான் போகிறதா, சர்வர் வேறு சப்நெட்டில் என்றால் கோரிக்கையை அங்கே கடத்தும் ஹெல்ப்பர் முகவரி இருக்கிறதா என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். உங்கள் நோட்டில் அது ஏற்கெனவே ஒரு பக்கமாக இருக்கும்.

நாளுக்கு ஒரு மணி நேரம் என்றால் பாதி படிப்பு, பாதி லேப் என்று நான்கைந்து மாதம் வைத்துக்கொள்ளுங்கள். தேர்ச்சி மூன்று ஆண்டுக்குச் செல்லும், அதற்குள் அடுத்த நிலையான சிசிஎன்பி பக்கம் போவீர்கள். அந்தக் கட்டத்தில் பழைய ஸ்விட்சும் ரவுட்டரும் பயன்படாது, ராம் அதிகமுள்ள கணினிதான் வேண்டும். பெட்டிகளை அடுத்துப் படிப்பவருக்குக் கொடுத்துவிடுங்கள். கொடுக்கும் முன் கான்ஃபிக்கை அழியுங்கள், விலான்.டேட்டையும்தான். வேண்டுமானால் புதிதாக ஒரு பாஸ்வேர்டை மட்டும் போட்டுவையுங்கள், அவருக்கும் முதல் பாடம் இலவசமாகக் கிடைக்கட்டும்.